சோதனைச்சாலை கேள்வி–பதில்: கண்ணாடித் தூளின் மேல் வளரும் டிஎன்ஏ

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, சாயமோ கந்தகமோ வேறு ஒட்டுக் குழுவோ சேர்த்த டிஎன்ஏ இழைகளை யந்திரத்தில் கட்டுவது பற்றியவை. ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

உயிரணுவில் டிஎன்ஏ 5' முனையிலிருந்து 3' நோக்கி வளர்கிறது என்று படித்தோம். யந்திரம் மட்டும் ஏன் தலைகீழாகக் கட்டுகிறது?
– முதுநிலை மாணவி, மதுரை

வேதியியலுக்கு அந்தப் பக்கம்தான் வசதி. 5', 3' என்பவை சர்க்கரையின் கார்பன் எண்கள்; சங்கிலியின் இரு முனைகளுக்கும் அவைதான் பெயர். சர்க்கரையின் 5' ஹைட்ராக்சில் முதன்மை ஆல்கஹால். டிஎம்டி என்ற பருத்த பாதுகாப்புக் குழுவை அதன் மேல் மட்டும் ஏற்றுவது சுலபம். 3' பக்கத்தில் வினைபுரியத் தயாராக இருக்கும் பாஸ்பரஸை வைத்துவிடலாம். இந்த இரண்டும் சேர்ந்த கட்டுப்பொருள்தான் ஃபாஸ்ஃபோரமிடைட். ஆய்வகத்தில் சுருக்கமாக அமிடைட். சங்கிலியின் 3' முனையைக் கண்ணாடித் தூளோடு கட்டிவிட்டால், வெளியே நீட்டிக்கொண்டிருப்பது வேகமாக வினைபுரியும் 5' ஹைட்ராக்சில். ஆகவே நீங்கள் எழுதித் தரும் வரிசையை யந்திரம் வலமிருந்து இடமாகப் படிக்கும்.

1970-இல் ஹர் கோவிந்த் குரானாவின் குழு ஈஸ்ட்டின் அலனின் டிஆர்என்ஏ மரபணுவைக் கட்டியபோது, சிறு துண்டுகளைக் கரைசலிலேயே செய்து, நொதி கொண்டு ஒட்டினார்கள். ஒவ்வொரு படிக்கும் சுத்திகரிப்பு வேண்டியிருந்தது. திண்மத் தாங்கியில் கட்டும் வழியைப் புரதத் துண்டுகளுக்கு மெரிஃபீல்ட் 1963-லேயே காட்டிவிட்டார். டிஎன்ஏவுக்கு அது முழுதாகக் கைகூடியது, 1981-இல் பொகாஜும் கருதர்ஸும் அமிடைட்டை அறிமுகப்படுத்திய பிறகுதான். இன்றும் பெரும்பாலான யந்திரங்களில் ஓடுவது அதே வேதியியல்தான்.

கொரோனா ஆர்டி-பிசிஆர் சோதனைக்கான ப்ரோப் (வைரஸின் வரிசையோடு ஒட்டி ஒளி காட்டும் இழை) ஒன்றை எப்படிச் செய்கிறார்கள்? அளவுகளோடு சொன்னால் வகுப்பில் பயன்படும்.
– கல்லூரி விரிவுரையாளர், திருச்சி

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2020-இல் வெளியிட்ட என்1 ப்ரோப்பையே எடுத்துக்கொள்வோம். 5' முனையில் ஃபாம் என்ற பச்சை ஒளிர்சாயம், 3' முனையில் பிஎச்க்யூ-1 என்ற ஒளியணைப்பான், நடுவில் 24 காரங்கள் (ஏ, சி, ஜி, டி என்ற டிஎன்ஏ எழுத்துகள்): ஏசிசி சிசிஜி சிஏடி டிஏசி ஜிடிடி டிஜிஜி டிஜிஜி ஏசிசி. ஃபாமுக்குப் பக்கத்தில் ஜி இல்லாமல் ஏ இருப்பதைக் கவனியுங்கள். ஜி அருகில் இருந்தால் ஃபாமின் ஒளியை அது தானே தின்றுவிடும். அதனால் 5' முனையில் ஜி வராதபடி ப்ரோப்பை வடிவமைப்பது வழக்கம்.

1 மைக்ரோமோல் அளவுக்கு, பிஎச்க்யூ-1 ஏற்கெனவே ஏற்றிய நுண்துளைக் கண்ணாடித் தூள் வேண்டும். இதைச் சிபிஜி என்பார்கள். கிராமுக்கு 35 மைக்ரோமோல் ஏற்றம் என்றால் சுமார் 29 மில்லிகிராம், ஒரு சிட்டிகைகூட வராது. 24 காரங்களுக்கு 500 ஆங்ஸ்ட்ராம் துளை போதும். 50 காரங்களைத் தாண்டினால் 1000, நூறைத் தாண்டினால் 2000 ஆங்ஸ்ட்ராம். சின்னத் துளைக்குள் நீளச் சங்கிலி வளர்ந்தால் வழி அடைபட்டு, பின்வரும் அமிடைட் உள்ளே போகாது.

ஒவ்வொரு காரத்துக்கும் ஒரே சுற்று. அதில் நான்கு படிகள்.

முதலில் டீபிளாக். டொலுவீனில் 3% டைகுளோரோஅசிட்டிக் அமிலம், அல்லது டைகுளோரோமீத்தேனில் 3% டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம் ஓடி டிஎம்டியைக் கழற்றும். கழன்ற டிஎம்டி, டிரைட்டில் அயனியாக ஆரஞ்சு நிறத்தில் வெளியேறும். 498 நானோமீட்டரில் அளந்தால், முந்தைய இணைப்பு எத்தனை சதவீதம் நடந்தது என்பது தெரியும்.

அடுத்தது கப்ளிங், அதாவது இணைப்பு. நீரற்ற அசிட்டோநைட்ரைலில் 0.1 மோலார் அமிடைட் 100 மைக்ரோலிட்டர், அதாவது பத்து மடங்கு மிகை. கூடவே அமிடைட்டை வினைக்குத் தூண்டும் ஆக்டிவேட்டர்: 0.45 மோலார் டெட்ராசோல் அல்லது 0.25 மோலார் ஈடிடி. சாதாரணக் காரங்களுக்கு 30 விநாடி தாராளம். 0.25 கிராம் பாட்டிலில் டி-க்கு 3.36 மில்லிலிட்டரும் ஏ-வுக்கு 2.91 மில்லிலிட்டரும் அசிட்டோநைட்ரைல் ஊற்றினால் 0.1 மோலார் வரும். நான்கு பாட்டிலிலும் ஒரே அளவு ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது டி அடர்த்தியாகவும் ஏ நீர்த்தும் போகும்.

மூன்றாவது கேப்பிங். இணையாமல் நின்ற சங்கிலிகளை அசிட்டிக் அன்ஹைட்ரைடும் என்-மெதில்இமிடசோலும் சேர்ந்து அசிட்டைலாக்கி மூடிவிடும். இதைச் சரியாகச் செய்யாவிட்டால், ஒரு காரம் விட்டுப்போன சங்கிலி அடுத்த சுற்றில் மறுபடி வளரும். முழு நீளத்தைவிட ஒன்றே ஒன்று குறைந்த அந்தக் கலப்படத்தைப் பிரிப்பதுதான் எச்பிஎல்சி என்ற சுத்திகரிப்புக் கருவியில் பெரும்பாடு.

நான்காவது ஆக்சிஜனேற்றம். டிஹெச்எஃப், பிரிடின், நீர் கலவையில் 0.02 மோலார் அயோடின் ஊற்ற, நிலையற்ற பாஸ்பைட் உறுதியான பாஸ்பேட் ஆகும். இந்தச் சுற்றிலேயே தண்ணீர் வேண்டியிருப்பது இங்கு மட்டும்தான். மற்ற எல்லா இடத்திலும் அது எதிரி.

24 காரங்களும் ஏறிய பிறகு ஃபாம் அமிடைட். பருத்த மூலக்கூறு என்பதால் 30 விநாடி போதாது; பாட்டிலோடு வரும் தாளில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கைக் குறைக்காதீர்கள். பிறகு 28–30% அம்மோனியாவில் 55 டிகிரியில் இரவு முழுக்க வைத்தால், சங்கிலி தூளிலிருந்து கழன்று, காரங்களைப் பாதுகாத்த பென்சாயில், ஐசோபியூட்டிரில் மூடிகளும் கழன்றுவிடும். பிஎச்க்யூ-1-க்கு இதனால் ஒன்றும் ஆகாது. குப்பியைத் திறக்கும் முன் பனிக்கட்டியில் குளிரவையுங்கள், இல்லாவிட்டால் மூடியோடு சரக்கும் பறக்கும்.

இப்போது ப்ரோப்புக்கே உரிய ஒரு வில்லங்கம். அணைப்பான் 3' முனையில் இருப்பதால், பாதியில் நின்ற சங்கிலிகள் எல்லாவற்றிலும் அணைப்பான் உண்டு, சாயம் இல்லை. இவை ஒளிராது; இலக்கோடு ஒட்டுவதில் நல்ல ப்ரோப்போடு போட்டி மட்டும் போடும். இதைவிடக் கெடுதல், டீபிளாக் அமிலம் நீண்ட நேரம் ஓடும்போது பென்சாயில் சுமந்த ஏ-வின் காரம் கழன்று விழுவது. அந்த இடம் பிறகு அம்மோனியாவில் அறுபடும். அறுந்த 5' துண்டில் ஃபாம் இருக்கும், அணைப்பான் இருக்காது. பிசிஆர் தொடங்கும் முன்பே குழாய் ஒளிரும். பின்னணி ஒளி அதிகம் என்று வரும் புகார்களில், சாயத்தைச் சந்தேகிப்பதற்கு முன் டீபிளாக் நேரத்தைப் பாருங்கள்.

சுற்று ஒன்றுக்கு 99% என்றால் 25 இணைப்புக்குப் பின் முழு நீளம் சுமார் 78%. 98% என்றால் 60%. 95% என்றால் 28%தான். மற்ற கேள்விகள் பலவற்றுக்கும் இந்தக் கணக்குதான் பதில்.

கடைசி டிரைட்டில் வரவே இல்லை. ஃபாம் ஏறவில்லை என்று நினைத்துச் சரக்கைக் கொட்டிவிடலாமா?
– ஆய்வக உதவியாளர், ஹைதராபாத்

கொட்டாதீர்கள். சாதாரண 5' ஃபாம் அமிடைட்டில் டிஎம்டி கிடையாது, ஆரஞ்சு நிறம் வராது. மேலே சொன்ன ப்ரோப்பில் தாங்கியில் இருப்பது ஒன்று, காரங்களில் 24, ஆக 25 முறை நிறம் வந்தால் எல்லாம் சரி. ஃபாம் ஏறியதா என்பதை எச்பிஎல்சியில் 495 நானோமீட்டரில் பாருங்கள். டிஎம்டியைப் பிடித்து இழுக்கும் கார்ட்ரிட்ஜ் சுத்திகரிப்பும் இதற்குச் செல்லாது.

ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் விளைச்சல் சரிகிறது. அதே ரசாயனம், அதே யந்திரம். தை பிறந்ததும் தானே சரியாகிறது.
– ஒரு தனியார் ஆய்வகத்திலிருந்து, சென்னை

தண்ணீர்தான். எவ்வளவு சிறிய அளவு எவ்வளவு கெடுக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அசிட்டோநைட்ரைலில் 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் 30 பங்கு) நீர் என்பது லிட்டருக்கு சுமார் 1.3 மில்லிமோல். உங்கள் அமிடைட் லிட்டருக்கு 100 மில்லிமோல். ஆக்டிவேட்டர் சேர்ந்ததும் நீர் மூலக்கூறு ஒவ்வொன்றும் ஓர் அமிடைட்டைக் கொல்லும் என்று வைத்தால், இழப்பு 1.3%, பத்து மடங்கு மிகையில் அது தெரியவே தெரியாது. 300 பிபிஎம் ஆனால் 13%. 1000 பிபிஎம் ஆனால் 44%. ஆக்டிவேட்டர் கரைசலிலும் அதே ஈரம் இருந்தால் இன்னொரு அவ்வளவு போகும். மிகை கரைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் இணைப்புச் சதவீதம் திடீரென விழும். விலை கூடிய சாய அமிடைட்டைப் பலர் இரண்டு மூன்று மடங்கு மிகையோடு நிறுத்திக்கொள்வதால், அடி முதலில் விழுவது அதற்குத்தான்.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த அமிடைட் பாட்டிலை அறை வெப்பத்துக்கு வரும்வரை திறக்கக் கூடாது. மழைக்காலத்தில் அரை மணி நேரம் போதாது. கண்ணாடியின் வெளிப்பக்கம் வியர்ப்பது நிற்கும்வரை காத்திருங்கள். கரைக்கும் அசிட்டோநைட்ரைலில் ஈரத்தை உறிஞ்சும் 3 ஆங்ஸ்ட்ராம் மாலிக்குலர் சீவ் போடுங்கள். 4 ஆங்ஸ்ட்ராம் வேண்டாம், அது அசிட்டோநைட்ரைலையே உள்ளே இழுத்துக்கொள்ளும். சீவைப் போடும் முன் 300 டிகிரியில் சுட்டு, ஆர்கானில் ஆறவையுங்கள். தூள் உதிர்ந்தால் யந்திரத்தின் வடிகட்டி அடைக்கும். பொட்டலமாக வருவதை வாங்குவது நல்லது. ஈரத்தை அளக்கும் கார்ல் ஃபிஷர் கருவி இருந்தால் புதுப் பாட்டிலைத் திறந்த அன்றே அளந்து, மூடியில் எழுதி வையுங்கள். 30-க்குக் கீழ் இருக்க வேண்டும். ஆர்கான் உருளைக்கும் யந்திரத்துக்கும் நடுவில் உள்ள ஈர உறிஞ்சியை மாற்றி எத்தனை மாதம் ஆயிற்று என்றும் பாருங்கள். பலரும் மறப்பது அதைத்தான்.

டிரைட்டில் அளவுகளை வரைபடமாகப் போட்டால் குற்றவாளி பிடிபடும். ஜி வரும் இடத்தில் மட்டும் சரிவு என்றால் அந்தப் பாட்டில் பழசு. கரைசலில் முதலில் கெடுவது ஜி அமிடைட். எல்லாக் காரத்திலும் சீராகச் சரிவு என்றால் ஆக்டிவேட்டர் அல்லது கழுவும் அசிட்டோநைட்ரைல். திடீரென ஒரு சுற்றில் விழுந்து பிறகு நேராகப் போனால், அந்த நேரத்தில் அழுத்தம் குறைந்ததா, குழாயில் குமிழ் வந்ததா என்று தேடுங்கள்.

சை5 என்ற சாயம் சேர்த்த இழையைத் தாங்கியில் பார்த்தபோது அருமையான நீலம். அம்மோனியாவில் சூடாக்கிய பிறகு நிறம் வெளிறிவிட்டது. எங்கே தவறு?
– முனைவர் பட்ட ஆய்வாளர், பெங்களூரு

தவறு யந்திரத்தில் இல்லை, வரிசையைத் தட்டச்சு செய்வதற்கு முன்பே நடந்துவிட்டது. மாற்றம் சேர்த்த டிஎன்ஏ-வில் கடைசிப் படியை முதலில் தீர்மானிக்க வேண்டும். எந்தச் சாயம், அது எந்தக் காரத்தன்மையைத் தாங்கும், அதற்கு ஏற்ப எந்த மூடி போட்ட அமிடைட்டுகளை வாங்குவது என்று பின்னிருந்து முன்னால் வர வேண்டும்.

சை5-இன் நடுவில் நீளும் இரட்டைப் பிணைப்புச் சங்கிலி சூடான அம்மோனியாவில் உடையும். 55 டிகிரி கூடாது. அறை வெப்பத்தில் 24 முதல் 36 மணி நேரம். ஆனால் ஐசோபியூட்டிரில் போட்ட ஜி அறை வெப்பத்தில் அவ்வளவு சீக்கிரம் கழலாது. அதற்குப் பதிலாக டிஎம்எஃப் மூடி போட்ட ஜி வாங்க வேண்டும். இதைச் செய்யாமல் வெப்பத்தை மட்டும் குறைத்தால் நிறம் இருக்கும், ஜி-க்களில் மூடியும் இருக்கும், இலக்கோடு ஒட்டாது. மூலக்கூறு எடையை அளக்கும் நிறை நிறமாலையில் மூடி ஒன்றுக்கு 70 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) கூடுதலாகக் காட்டும்.

டாம்ரா என்ற சாயம் இன்னும் மோசம். அம்மோனியாவே ஆகாது. மூன்றாம்நிலை பியூட்டைல்அமீன், மெத்தனால், நீர் 1:1:2 கலவை, அல்லது அல்ட்ராமைல்ட் என்று விற்கும் மென்மையான அமிடைட்டுகளோடு மெத்தனாலில் 0.05 மோலார் பொட்டாசியம் கார்பனேட், அறை வெப்பத்தில் 4 மணி நேரம். அல்ட்ராமைல்டில் ஒரு பொறி இருக்கிறது. கேப்பிங்குக்கு வழக்கமான அசிட்டிக் அன்ஹைட்ரைடை வைத்தால், ஜி-யின் மென்மையான மூடி இருந்த இடத்தில் அசிட்டைல் ஏறி உட்கார்ந்துவிடும். அதை 4 மணி நேரக் கார்பனேட் கழற்றாது. கேப்பிங் பாட்டிலையும் பீனாக்சிஅசிட்டிக் அன்ஹைட்ரைடுக்கு மாற்றுங்கள்.

அவசரத்துக்கு அம்மோனியாவும் 40% மெதில்அமீனும் சம அளவு கலந்து 65 டிகிரியில் 10 நிமிடத்தில் முடிப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்கவும்: சி-யில் பென்சாயிலுக்குப் பதில் அசிட்டைல் மூடி இருக்க வேண்டும். இல்லையென்றால் மெதில்அமீன் சி-யோடு ஒட்டிக்கொண்டு 14 டால்டன் கூடுதல் எடையாக நிற்கும்.

பாஸ்பரோதயோயேட் (பாஸ்பேட்டில் ஓர் ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகம் வைத்த இழை) செய்யும்போது நிறையில் 16 டால்டன் குறைவான உச்சி ஒன்று கூடவே வருகிறது.
– மருந்து நிறுவன வேதியியலாளர், அகமதாபாத்

ஒரு பிணைப்பில் கந்தகத்துக்குப் பதில் ஆக்சிஜன் உட்கார்ந்திருக்கிறது. இருபது பிணைப்பு உள்ள இழையில் சுற்றுக்கு அரை சதவீதம் நழுவினாலே மொத்தச் சரக்கில் பத்தில் ஒன்றில் இந்தக் குறை இருக்கும்.

பார்க்க வேண்டிய முதல் இடம் படிகளின் வரிசை. அயோடின் சுற்றில் கேப்பிங் முதலில், ஆக்சிஜனேற்றம் பிறகு. கந்தகச் சுற்றில் இதை மாற்றிப் போட வேண்டும்: கந்தகம் ஏறிய பிறகே கேப்பிங். பழைய நிரலை அப்படியே நகலெடுத்து, அயோடின் பாட்டிலை மட்டும் மாற்றுகிறவர்களுக்கு இந்தக் குறை நிச்சயம். அடுத்து, குழாய்களில் அயோடின் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். கந்தகம் ஏற்றும் பொகாஜ் வினைப்பொருளைச் சாதாரணக் கண்ணாடிப் பாட்டிலில் வைத்தால் படிவு விழும், சிலேன் பூசிய பாட்டில் வேண்டும். இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் பிரிடினில் 0.05 முதல் 0.1 மோலார் டிடிடிடி நல்ல மாற்று.

எச்பிஎல்சி உச்சி அகலமாக வருகிறதே என்று கவலைப்படாதீர்கள். ஒவ்வொரு கந்தகப் பிணைப்புக்கும் இரண்டு முப்பரிமாண வடிவங்கள். 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் ஆன்டிசென்ஸ் மருந்து (இலக்கு ஆர்என்ஏவோடு ஒட்டி அதை மறிக்கும் இழை) ஃபோமிவிர்சென், 21 காரம், 20 பிணைப்பும் கந்தகம். அதன் ஒரு குப்பியில் இருந்தது 2-இன் 20-ஆம் அடுக்கு, அதாவது 10,48,576 வடிவங்களின் கலவை. கூரான உச்சியை அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

நூறு காரம் நீள இழை வேண்டும். சாதாரணச் சுத்திகரிப்பு போதும் என்று செலவைக் குறைக்கலாமா?
– உயிர்த்தொழில்நுட்ப மாணவர், வேலூர்

99 இணைப்பு. 99% என்றாலும் முழு நீளம் 37%தான். 98% என்றால் 13.5%. உப்பு நீக்கிய சரக்கை வாங்கினால் குழாயில் பாதிக்கு மேல் குப்பை. 7 மோலார் யூரியா போட்ட பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் பிரித்து வாங்குங்கள்.

5' அமீன் வைத்த இழையோடு அமீனோடு வினைபுரியும் என்எச்எஸ் எஸ்டர் சாயத்தை ஒட்டினால் பத்தில் இரண்டு பங்குகூட ஒட்டவில்லை.
– ஆய்வு மாணவி, திருவனந்தபுரம்

மூன்று இடங்களில் பாருங்கள். ஒன்று, உங்கள் டிஎன்ஏ-வில் அம்மோனியம் உப்பு அல்லது டிரிஸ் மிச்சம் இருக்கலாம். இரண்டும் அமீனைப் போலவே வினைபுரியும், உங்கள் சாயத்தை அவை முதலில் தின்னும். சோடியம் அசிட்டேட்டும் எத்தனாலும் கொண்டு ஒருமுறை வீழ்படிவாக்கிவிட்டு, 0.1 மோலார் சோடியம் பைகார்பனேட்டில், பிஹெச் 8.5-இல் கரையுங்கள். இரண்டு, சாயத்தை நீரற்ற டிஎம்எஸ்ஓ-வில் அந்த நேரத்தில்தான் கரைக்க வேண்டும். நேற்றுக் கரைத்தது பாதி நீராற்பகுந்து கிடக்கும். பத்து மடங்கு மிகை, அறை வெப்பம், இரண்டு மணி நேரம்.

மூன்றாவதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். பாஸ்பேட்டின் மேலிருந்த சயனோஎதில் மூடி கழலும்போது அக்ரிலோநைட்ரைல் ஆகிறது. அது உங்கள் அமீனோடு நேரே கூடிவிடும், 53 டால்டன் கூடும். அப்படி ஆன அமீனில் என்ன செய்தாலும் சாயம் ஏறாது. அம்மோனியாவுக்குப் போகும் முன், தாங்கியில் இருக்கும்போதே அசிட்டோநைட்ரைலில் 10% டைஎதில்அமீனை ஐந்து நிமிடம் ஓட்டிக் கழுவிவிட்டால் இந்தத் தொல்லை இராது. நிறை நிறமாலையை ஒட்டுவதற்கு முன்பே ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

200 நானோமோல் அளவு என்று பணம் கட்டினோம். வந்தது 60 நானோமோல். ஏமாற்றுகிறார்களா?
– பல கடிதங்கள்

இல்லை. 200 என்பது தொடக்கத்தில் தாங்கியில் இருந்த இடங்களின் எண்ணிக்கை. இணைப்பு இழப்பும், சுத்திகரிப்பில் ஓரங்களை வெட்டி எறிந்ததும் போக மிஞ்சியது கைக்கு வருகிறது. சாயம் வைத்து எச்பிஎல்சி செய்த இழைக்கு 60 கௌரவமான எண்.

கையில் வந்ததை நீங்களே அளக்கலாம். 260 நானோமீட்டரில் 1 ஓடி (ஒளி உறிஞ்சலின் அலகு) என்பது ஒற்றை இழை டிஎன்ஏ சுமார் 33 மைக்ரோகிராம். 20 காரம் உள்ள இழையின் எடை மோலுக்குச் சுமார் 6,200 கிராம் என்பதால், அது 5 நானோமோலுக்குச் சற்று மேல். சாயமும் 260-இல் கொஞ்சம் உறிஞ்சும். அதைக் கழிக்காவிட்டால் கணக்கு உங்களுக்குச் சாதகமாகப் பொய் சொல்லும். அளந்ததும் 10 மில்லிமோலார் டிரிஸ், 0.1 மில்லிமோலார் இடிடிஏ கலவையில் கரைத்து, சிறு பங்குகளாகப் பிரித்து, இருட்டில் மைனஸ் 20-இல் வையுங்கள். ப்ரோப்போடு அதே நிறுவனத்திலிருந்து பாசிட்டிவ் கண்ட்ரோல் இழையும் (சோதனை வேலை செய்கிறதா என்று பார்க்க வைக்கும் இலக்கு வரிசை) வாங்கினால், இரண்டையும் ஒரே நாளில், ஒரே மேசையில் திறக்காதீர்கள். ஒரு நானோமோலில் சுமார் 600 லட்சம் கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன, ப்ரோப்பில் கலந்து பிசிஆரை ஏமாற்றப் பத்து போதும்.